மலைநாட்டு டென்னிஸ் அனுபவம் நம் தோட்டப்புற ஊருக்கு உதவுமா?

கேள்வி: பாகாவ் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நெகிரி செம்பிலான், பாகாவ் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் உடற்கல்வி கற்பித்து வருகிறேன். எங்கள் மாணவர்களில் ஒரு பகுதியினர் இன்னும் செம்பனைத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து வருகிறார்கள். மற்றவர்கள் தோட்டத்தை விட்டு வெளியேறி, ஊரை ஒட்டிய தாமான்களில் மலிவு வீடு வாங்கிக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள். காற்பந்து, பூப்பந்து, ஓட்டப்பந்தயம் ஆகியவற்றைத் தாண்டி வேறு விளையாட்டு எதுவும் அவர்கள் கைக்கு எட்டியதில்லை. டென்னிஸைத் தொடங்கலாமா என்று பேச்செடுத்தால், அது துரைமார் கிளப்பில் ஆடிய ஆட்டம், நமக்கு எதற்கு என்று பெரியவர்கள் கேட்கிறார்கள்.

அண்மையில் பூட்டானைப் பற்றிப் படித்தேன். எட்டு இலட்சத்துக்கும் குறைவான மக்கள், திரும்பிய பக்கமெல்லாம் மலை, தேசிய விளையாட்டோ வில்வித்தை. அப்படிப்பட்ட நாடும் டென்னிஸுக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்து, அனைத்துலக டென்னிஸ் சம்மேளனத்தில் உறுப்பியம் பெற்றிருக்கிறது. சமதரையே அரிதாக உள்ள இடத்தில் இந்த ஆட்டத்தைச் சாதாரணப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்க்க என்ன வழி? அந்த வழி திடலும் பயிற்றுநரும் இல்லாத எங்கள் ஊருக்குப் பொருந்துமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: சிரம்பான் பயிற்றுநர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். திடல் இல்லையே என்ற கவலையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். முழு அளவுத் திடலின் நீளம் 23.77 மீட்டர், இரட்டையர் ஆட்டத்துக்கான அகலம் 10.97 மீட்டர். சுற்றிலும் ஓடுவதற்கு விடும் இடத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 36 மீட்டர் நீளமும் 18 மீட்டர் அகலமும் உள்ள சமதரை வேண்டும். மலைச்சரிவை வெட்டி அவ்வளவு இடத்தைச் சமப்படுத்துவதற்கு ஆகும் செலவை நினைத்தாலே, மலைநாடுகள் ஊருக்கு ஊர் திடல் கட்டிக்கொண்டிருக்க இயலாது என்பது புரியும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தத் திடல் தேவையே இல்லை.

அனைத்துலகச் சம்மேளனம் 2007இல் 'பிளே அண்ட் ஸ்டே' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. வந்த முதல் நாளிலேயே பிள்ளை பந்தைப் போட்டு, திரும்பி வரும் பந்தை அடித்து, புள்ளி எண்ணி ஆட வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. இதற்காக மூன்று நிறப் பந்துகள் உள்ளன. வழக்கமான பந்தைவிடச் சிவப்புப் பந்து 75 விழுக்காடும், ஆரஞ்சுப் பந்து 50 விழுக்காடும், பச்சைப் பந்து 25 விழுக்காடும் மெதுவானவை. 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் இந்த மெதுவான பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்பது விதியாகிவிட்டது.

சிவப்புப் பந்துக்குரிய திடல் ஏறத்தாழ 11 மீட்டர் நீளமும் 5.5 மீட்டர் அகலமும் கொண்டது. வலை 80 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதும். பூப்பந்துத் திடலோ 13.40 மீட்டர் நீளமும் 6.10 மீட்டர் அகலமும் உடையது. ஆகவே, உங்கள் ஊர்ப் பலநோக்கு மண்டபத்திலோ, தோட்டத்துச் சிமெண்டுத் தரையிலோ கோடு போட்ட பூப்பந்துத் திடல் ஒன்று இருந்தால், சிறுவர் டென்னிஸ் திடல் அதற்குள் முழுதாக அடங்கிவிடும். வலையை இறக்கிக் கட்ட முடியவில்லையென்றால், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கயிறு கட்டித் துணியைத் தொங்கவிட்டு ஆடலாம்.

மட்டை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். யாராவது பெரியவர்கள் ஆடும் 27 அங்குல மட்டைகளை நன்கொடையாகத் தருவார்கள்; நன்றி சொல்லி வாங்கி, மூத்த மாணவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிறியவர்களுக்கு வயதைப் பொறுத்து 19 முதல் 23 அங்குலம் வரை போதும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பயிற்றுநர் ஒருவருக்கொரு பந்தாகப் போடுகின்ற பழைய முறையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். காத்திருந்தே நேரம் கழிந்தால், அடுத்த வாரம் பாதிப்பேர் காற்பந்துக்குப் போய்விடுவார்கள்.

மறுமொழி: குளுவாங் பொறியாளர்

பணி நிமித்தமாகச் சில காலம் பூட்டானின் தலைநகர் திம்புவில் வசித்தவன் என்ற முறையில், அங்கிருந்து எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

திம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றின் அடர்த்தி குறைவாக இருப்பதால், வழக்கமான பந்து வேகம் குறையாமல் பறந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும். தரையில் பட்டதும் மிகையாகத் துள்ளும். டென்னிஸ் விதிகளே 1,219 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்கு வேறு பந்துகளை அனுமதிக்கின்றன. துள்ளல் குறைத்துச் செய்யப்பட்ட பந்து ஒரு வகை. உள்ளழுத்தம் இல்லாத பந்து இன்னொரு வகை. பின்னதைப் போட்டி நடக்கும் உயரத்தில் 60 நாளாவது வைத்திருந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

நம் ஊரில் உயரம் ஒரு பிரச்சினை அல்ல. ஆனாலும் உள்ளழுத்தம் இல்லாத பந்து நமக்கும் கைகொடுக்கும். அழுத்தம் நிரப்பிய பந்து, டப்பாவைத் திறந்த சில வாரங்களில் துள்ளலை இழக்கத் தொடங்கும். அழுத்தமில்லாத பந்து தன் ரப்பர் ஓட்டின் தடிப்பாலேயே துள்ளுவதால், மேலே உள்ள கம்பளி தேயும்வரை ஆடலாம். சற்றுக் கனமாகத் தெரியும் என்பதே குறை. மூத்த மாணவர்களின் பயிற்சிக்கு அதை வாங்கினால் அடிக்கடிப் பணம் திரட்ட வேண்டியிருக்காது. டென்னிஸ் பந்தின் உள் ஓடு இயற்கை ரப்பர் கலந்து செய்யப்படுவது என்பதையும், பந்து தயாரித்த டன்லப் நிறுவனத்துக்கு மலாயாவில் பெரிய ரப்பர் தோட்டங்கள் இருந்தன என்பதையும் பெரியவர்களிடம் சொல்லுங்கள். பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு இந்த ஆட்டத்தில் உரிமை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

திம்புவிலிருந்து கிழக்கே உள்ள திராசிகாங்குக்கு மலைப்பாதையில் போய்ச் சேர ஒரு பகல் போதாது. அத்தகைய நிலத்தில் தலைநகரிலிருந்து பயிற்றுநர் வாராவாரம் போய் வருவது நடவாத காரியம். அந்தந்த ஊர் ஆசிரியரே கற்றுக்கொண்டு கற்பித்தால்தான் ஆட்டம் நிலைக்கும். நம் தோட்டப்புறங்களுக்கு உண்மையில் பொருந்தும் பாடம் இதுதான். சிரம்பானிலிருந்து ஒருவர் வந்து பயிற்சி தருவார் என்று காத்திருக்காமல், நீங்களே அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள் அம்மா.

மறுமொழி: ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, லாபிஸ்

இருவரும் நன்றாகச் சொன்னார்கள். பிள்ளைகள் வந்து சேர்வதைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதால் எழுதுகிறேன். பள்ளி முடிந்ததும் வேன் புறப்பட்டுவிடும். அதைத் தவறவிட்ட தோட்டத்துப் பிள்ளைக்கு வீடு திரும்ப வழியில்லை. பெண்பிள்ளைகள்தாம் முதலில் நின்றுபோவார்கள். ஆகவே பயிற்சியைப் பள்ளியில் வைக்காமல், குடும்பங்கள் நடந்தே வரக்கூடிய தாமான் மண்டபத்தில் சனிக்கிழமை மாலை வைத்தால், தாய்மார்களும் கூட வந்து உட்காருவார்கள். மழை பெய்தாலும் கூரை இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 468 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள அண்டோரா என்ற மலைநாட்டைச் சேர்ந்த விக்டோரியா ஹிமேனெஸ் கசின்ட்சேவா, 2020இல் தமது 14ஆம் வயதில் ஆஸ்திரேலியப் பொது டென்னிஸ் போட்டியில் இளையோர் பெண்கள் பட்டத்தை வென்றார். பெருமைக்குரிய வெற்றி. ஆனால் அவருடைய தந்தையே முன்னாள் டென்னிஸ் ஆட்டக்காரர். அந்த வாய்ப்பு எல்லா வீட்டிலும் அமையாது. பள்ளி வாரியத்திடம் பேசும்போது, வெற்றியாளர்களை உருவாக்குவோம் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள் மகளே. ஓராண்டில் கோப்பை எங்கே என்று கேட்பார்கள், இல்லையென்றதும் மண்டபச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். இத்தனை பிள்ளைகள் தொடர்ந்து வருகிறார்கள், இவர்களில் இத்தனை பேர் பெண்கள் என்ற கணக்கைக் காட்டுங்கள்.

மறுமொழி: பாகாவ் ஆசிரியை

மூவருக்கும் என் நன்றி. எங்கள் தாமான் மண்டபத்தில் இரண்டு பூப்பந்துத் திடல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு பேர் ஆடினால் ஒரே நேரத்தில் எட்டுப் பேர். மற்றவர்களைப் புள்ளி எண்ணவும் பந்து பொறுக்கவும் வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்ட எங்கள் முன்னாள் மாணவர்கள் சிலர் உதவ முன்வருவார்கள் என்றும் நம்புகிறேன். நிதியை முதலில் சிவப்புப் பந்துகளுக்கும் சிறிய மட்டைகளுக்கும் மட்டுமே கேட்கப்போகிறேன். சிரம்பான் ஐயா, மூன்றாம் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கான முதல் மாதப் பாடத்தை எப்படி அமைப்பது என்பதை இங்கேயே எழுதினால், என்னைப் போன்ற மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும்.