துய்ப்ளேக்ஸ் காலப் புதுச்சேரி நாவலைப் படமாக்க யோசனை வேண்டும்

கேள்வி: பிரெஞ்சு வணிகர்களும் துபாஷிகளும் (மொழிபெயர்ப்பாளர்கள்) நிறைந்த 600 பக்க நாவல், களம் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் 1740-கள். படம் இரண்டரை மணி நேரம். எதை வெட்டலாம்? இன்றைய பிரெஞ்சுத் தெருக்களிலேயே எடுத்துவிடலாமா?

பதில் 1: தெரு வேண்டாங்க. 1761-ல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையோடு சேர்த்து இடித்துத் தள்ளிவிட்டார்கள்; இப்போது நிற்பவை பெரும்பாலும் 1765-க்குப் பின் கட்டியவை. கோட்டைக்கு செட்தான் வழி. கப்பலைக் கரையில் அணைத்துக் காட்டினால் சொதப்பல். அன்று அங்கே துறைமுகம் கிடையாது. ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் சரக்கு அலை தாண்டி வரும்.

பதில் 2: திரைக்கதை 150 பக்கம் தாண்டக்கூடாது, பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுவது இடைவேளை, 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிடுவது படத்தின் முடிவு. மற்றதை வெட்டுங்கள். துபாஷி ஒவ்வொரு வசனத்தையும் மொழிபெயர்த்தால் காட்சி இரட்டிப்பாகும். முதல் சந்திப்பில் மட்டும் முழுதாக வையுங்கள். பிறகு அவர் எதை மாற்றிச் சொல்கிறாரோ அங்கே மட்டும். நாடகமே அதில்தான்.