சைக்கிளுக்கு ஹெல்மெட் தேவையா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

மணல்வளைவு:
திருப்பத்துல மணல், முன்சக்கரம் வழுக்கிடுச்சு. எழுந்து ஹெல்மெட்டைக் கழட்டினா வெளியில வெறும் கீறல்தான். உள்ளே நெத்திப்பொட்டுப் பக்கம் தெர்மாகோல் நசுங்கி, விரிசல் பின்னாடி வரைக்கும் ஓடியிருந்துச்சு. கூட வந்தவர் வாங்கித் தட்டிப் பார்த்துட்டு, "நல்லாத்தானே இருக்கு, இன்னும் போடலாம்"ங்கறார்! எனக்கு விழுந்தது மறந்துபோச்சு, அந்தப் பேச்சு மறக்கல.

எதிர்க்காற்று:
நான் போடறதில்ல. ஒரு நாள் கார்க்காரர் ஒருத்தர் கண்ணாடிய இறக்கி, "ஹெல்மெட் எங்க?"ன்னு கத்தினார். கத்திக்கிட்டே வந்ததுல அவர் சைடு மிரர் என் முழங்கையை உரசிருச்சு. என் தலை மேல அவ்வளவு அக்கறை, கை மேல இல்ல! இங்கிலாந்துல இயன் வாக்கர்னு ஒருத்தர் சைக்கிள்ல சென்சார் மாட்டி அளந்து 2007-ல வெளியிட்டார். ஹெல்மெட் போட்டிருந்தப்ப வண்டிங்க சராசரியா 8.5 செ.மீ. கூடுதலா நெருங்கிப் போச்சாம்.

மணல்வளைவு:
அதே ஆய்வுல வண்டிங்க சராசரியா ஒரு மீட்டருக்கு மேல தள்ளித்தான் போயிருக்கு. அதையும் சொல்லுங்க. அந்த வாக்கரையே ஆய்வு நடக்கும்போது ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் இடிச்சது.

எதிர்க்காற்று:
ரெண்டு தடவையும் ஹெல்மெட் போட்டிருந்தார் சார். நான் சொன்னதும் அதானே?

ரெண்டுவிரல்:
என் பொண்ணு விழுந்தப்ப ஹெல்மெட் பின்னாடி சரிஞ்சு, நெத்தி தரையில பட்டுச்சு. தையல் போட்டாங்க. அதனால சொல்றேன்: புருவத்துக்கு மேல ரெண்டு விரல்தான் இடைவெளி இருக்கணும். பட்டை ரெண்டும் காதுக்குக் கீழ சேரணும். தாடைக்கும் பட்டைக்கும் நடுவுல ஒரு விரல் நுழைஞ்சா போதும். பின்னாடி திருகை இறுக்கிட்டுத் தலையை ஆட்டிப் பாருங்க. உச்சிக்கொண்டை போட்டா உட்காரவே உட்காராது. மணல்வளைவு, உங்களுதைத் தூக்கிப் போட்டுடுங்க. தெர்மாகோல் நசுங்கித்தான் அடியை வாங்குது, நசுங்கினது திரும்ப வாங்காது. ஐரோப்பியத் தரச் சோதனையில ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்துல இருந்துதான் போட்டுப் பார்க்கறாங்க. லாரி மோதினா காப்பாத்தும்னு யாரும் நம்ப வேண்டாம்.

பழையசங்கிலி:
சட்டம் போட்டா சரியாயிடுமா? ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலம் 1990-லயே கட்டாயமாக்கிடுச்சு, இன்னும் சண்டை ஓயல. மெக்சிகோ சிட்டி 2010-ல எடுத்தே விட்டுச்சு. நெதர்லாந்துல பெரும்பாலானவங்க வெறுந்தலையோடதான் போறாங்க, ஆனா அங்க சைக்கிளுக்குத் தனிப்பாதை. பாதை போட்டுட்டு அப்புறம் என்கிட்ட ஹெல்மெட் கேளுங்க.

எதிர்க்காற்று:
ரெண்டுவிரல், நான் அளவு கேக்கல. மிரர்ல இடிச்சவரைப் பத்தி ஒருத்தரும் வாயே திறக்கலையே?

புதுமிதி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். பின்னாடி இருக்கற அந்தத் திருகு எனக்கு நிக்காம சுத்துது. அது மட்டும் தனியா கிடைக்குமா?