க்ரூகரா, ஜூலுலாந்தா? பள்ளி விடுமுறையில் பறவையும் விலங்கும் பார்க்க ஒரு பயணம்

கேள்வி: பீனிக்ஸ்வாசி, டர்பன், தென்னாப்பிரிக்கா

அனைவருக்கும் வணக்கம். மூன்றாம் பருவம் முடிந்து வரும் பள்ளி விடுமுறையில் என் தங்கையும் அவள் கணவரும் திருநெல்வேலியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மாப்பிள்ளை கூந்தன்குளத்துக்கும் வேடந்தாங்கலுக்கும் ஆண்டு தவறாமல் போய்வரும் பறவை ஆர்வலர். இங்கே வரும்போது ஆப்பிரிக்கப் பறவைகளைப் பார்ப்பதே தமக்கு முதல் நோக்கம் என்று சொல்லிவிட்டார். என் பிள்ளைகள் இருவருக்கும் சிங்கமும் யானையும் கண்ணில் பட்டால் போதும். எழுபதைத் தாண்டிய அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் நெடுந்தூரம் நடக்கவும் மேடேறவும் இயலாது. புரட்டாசி என்பதால் வீட்டில் யாரும் புலால் உண்ணமாட்டோம்.

கைவசம் ஒன்பது நாள்கள் இருக்கின்றன. வண்டி சாதாரண செடான்தான். க்ரூகர் தேசியப் பூங்காவைத் தெற்கிலிருந்து வடக்கு வரை பார்த்துவிட்டு, எஸ்வாட்டினி (பழைய ஸ்வாசிலாந்து) வழியாக இறங்கி, டர்பனுக்கு வடக்கேயுள்ள ஜூலுலாந்துப் பூங்காக்களையும் முடித்துக்கொண்டு டர்பன் திரும்பலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். இது நடக்கக்கூடிய திட்டமா? பறவைகளுக்கு டிசம்பர்தான் சிறந்த காலம் என்று நண்பர் ஒருவர் சொல்வதால், அவர்களை அப்போது வரச் சொல்லலாமா என்ற குழப்பமும் இருக்கிறது. மலேரியா பற்றியும் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: நியாலா, எம்பாங்கேனி

வணக்கம் ஐயா. ஒன்பது நாளில் இரண்டையும் பார்க்க முடியாது என்று சொல்லமாட்டேன்; ஆனால் அப்படிப் போனால் மாப்பிள்ளை பறவைகளைவிட நெடுஞ்சாலையைத்தான் அதிகம் பார்ப்பார். க்ரூகர் மட்டுமே வடக்குத் தெற்காக ஏறத்தாழ 360 கிலோமீட்டர் நீளம். உள்ளே தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரும் மண்சாலையில் 40 கிலோமீட்டரும்தான் வேக எல்லை. நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு முகாமிலிருந்து அடுத்த முகாமுக்குப் போவதற்கே ஒரு பகல் கழிந்துவிடும்.

ஆகவே க்ரூகரை இம்முறை விட்டுவிட்டு, ஒன்பது நாளையும் ஜூலுலாந்துத் தாழ்நிலத்துக்கே கொடுங்கள் என்பது என் கருத்து. அதற்குத் தூரம் மட்டும் காரணமல்ல. க்ரூகரில் 500-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கிழக்கு ஆப்பிரிக்கா வரை பரவி வாழ்பவை. அவரே நாளை கென்யாவுக்கோ தான்சானியாவுக்கோ போனாலும் அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். நீர்கார்டு தேன்சிட்டு, இளஞ்சிவப்புத் தொண்டை ட்வின்ஸ்பாட் என்னும் சிறு குருவி போன்றவையோ நம் வடகிழக்கு மூலையிலும் அதை ஒட்டிய தெற்கு மொசாம்பிக், எஸ்வாட்டினிப் பகுதிகளிலும் மட்டுமே வாழ்கின்றன. இவ்வளவு தூரம் பறந்து வருகிறவருக்கு வேறெங்கும் கிடைக்காததைக் காட்டுவதுதானே முறை?

டர்பனிலிருந்து என்2 நெடுஞ்சாலையில் வடக்கே வந்து, ம்டுபாடுபாவில் வலப்பக்கம் திரும்பினால் செயின்ட் லூசியா. 1999-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவின் தென்வாயில் அது. அங்கே மூன்று இரவுகள் தங்குங்கள். கழிமுகத்தில் ஓடும் படகில் ஏறினால் உங்கள் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே நீர்யானைக் கூட்டத்தையும் முதலைகளையும் கோலியாத் கொக்கையும் பார்த்துவிடலாம். ஊரை ஒட்டிய க்வாலாக்வாலா நடைபாதை சமதளம். லிவிங்ஸ்டன் டுராக்கோ என்னும் பறவையைத் தேட அதுவே இடம். கேப் விடல் கடற்கரை வரை தார்ச்சாலை என்பதால் செடானுக்குக் கவலையில்லை. அங்குள்ள குரங்குகள் மட்டும் தின்பண்டப் பையைக் கண்டால் கேட்காமலேயே எடுத்துக்கொண்டு போய்விடும். இரவில் நீர்யானைகள் செயின்ட் லூசியாவின் தெருக்களிலேயே மேய வரும். இருட்டிய பின் பிள்ளைகளை வாசலில் விளையாட விடாதீர்கள்.

அடுத்த மூன்று இரவுகளுக்கு அதே ம்டுபாடுபாவிலிருந்து மேற்கே நியாலாசி வாயில் வழியாக ஹ்லுஹ்லுவே-இம்ஃபலோசிக்குள் நுழையுங்கள். பிள்ளைகளின் பங்கு இங்கேதான். 1895-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டில் எஞ்சிய ஒரு சிறு கூட்டத்திலிருந்துதான் தென்னாப்பிரிக்க வெள்ளைக் காண்டாமிருக இனமே மீண்டெழுந்தது. 1960-களில் இங்கிருந்து பிடித்து மற்றப் பூங்காக்களுக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்பினார்கள். கள்ள வேட்டைக்கு அஞ்சி 2024 ஏப்ரல் முதல் இங்குள்ள காண்டாமிருகங்களின் கொம்பை அறுத்துவருகிறார்கள். பிள்ளைகள் ஏமாறாதபடி முன்பே சொல்லிவையுங்கள். எடுத்த படத்தை இடத்தின் பெயரோடு சமூக ஊடகத்தில் போடவும் வேண்டாம்.

கடைசி இரண்டு இரவுகள் உம்குசே. குமசிங்கா என்னும் மறைவிடம் தண்ணீர்க் குட்டையின் விளிம்பில் கட்டப்பட்டது; மழைக்கு முந்தைய வறட்சியில் நியாலா மான், வரிக்குதிரை, பாறு (பிணந்தின்னிக் கழுகு) எல்லாம் சில அடி தூரத்தில் நீர் குடிக்க வரும். ந்சுமோ ஏரியில் இளஞ்சிவப்பு முதுகுக் கூழைக்கடாவைப் பார்க்கலாம். நான் மேலே சொன்ன தேன்சிட்டுக்கு இங்குள்ள மணற்காடுதான் இடம். அத்திமரக் காட்டில் வழிகாட்டியோடு நடக்க முடியுமா என்பதை வாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை நடக்கும் நேரத்தில் மற்றவர்கள் மறைவிடத்திலேயே அமர்ந்திருக்கலாம்.

பதில் 2: பாறு, நெல்ஸ்ப்ரூட்

நண்பர் நியாலா தம் ஊரின் பெருமையைச் சொல்லிவிட்டார். க்ரூகரின் பக்கமும் யாராவது பேச வேண்டும். பிள்ளைகள் கேட்பது சிங்கத்தை. இம்ஃபலோசியில் சிங்கம் இல்லாமலில்லை; ஆனால் மேடும் புதருமான அந்தக் காட்டில் அது கண்ணுக்கு அகப்படுவது அதிர்ஷ்டம். க்ரூகரில் சடாரா முகாமைச் சுற்றியுள்ள புல்வெளியில் வாய்ப்பு அதைவிட அதிகம். அதுவும் செப்டம்பர் இறுதியில் இலை உதிர்ந்து, புல் குட்டையாகி, தண்ணீரும் ஒருசில இடங்களில் மட்டுமே எஞ்சியிருக்கும் நிலையில், லோயர் சாபிக்குப் பக்கத்திலுள்ள சன்செட் அணைக்கட்டில் வண்டியை நிறுத்திவிட்டால் விலங்குகள் தாமே வந்து சேரும்.

பறவைகளிலும் தரைவாழ் இருவாச்சி, கோரி கானமயில், சேணமூக்கு நாரை, மடல்முகப் பாறு, மார்ஷியல் கழுகு ஆகிய ஐந்தும் க்ரூகரில் சாலையோரத்திலிருந்தே பார்க்கக் கூடியவை. இந்தியக் கானமயில் அருகிப்போனதை அறிந்தவருக்கு அதன் உறவான கோரியைப் புல்வெளியில் நடக்கக் காண்பது சாதாரணமாக இருக்காது. ஆகவே க்ரூகருக்கு வருவதானால் தெற்கு, நடுப் பகுதிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: ஸ்குகுசா, லோயர் சாபி, சடாரா. வடகோடியில் லுவுவு ஆறும் லிம்போபோவும் சேரும் பாஃபுரி வரை போக ஒன்பது நாள் போதாது.

எஸ்வாட்டினி வழியாக இறங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். உங்களுக்குக் கடவுச்சீட்டு இருந்தால் போதும். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குத் தென்னாப்பிரிக்க விசா எத்தனை நுழைவுக்கு உரியது என்ற கேள்வி எழும். எல்லையில் போய் நின்று விவாதிக்கும் விஷயமல்ல அது. இன்னொன்று, பூங்கா நுழைவுக் கட்டணம் குடிமக்களுக்கு ஒன்று, வெளிநாட்டினருக்குப் பல மடங்கு. செலவுக் கணக்கில் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

பதில் 3: செவிலி அக்கா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, டிசம்பரா செப்டம்பரா என்ற கேள்விக்கு இருவரும் விடை சொல்லவில்லை. கோடையில் பஞ்சுருட்டான்களும் காட்டு மீன்கொத்தியும் அமூர் வல்லூறும் வந்திருக்கும், பறவைக் கணக்கு கூடும் என்பது சரி. ஆனால் அப்போது புல் உயர்ந்து விலங்குகளை மறைக்கும். நாற்பது பாகையை நெருங்கும் வெயிலில் அம்மாவைக் காரில் உட்காரவைக்க வேண்டியிருக்கும். விடுமுறைக் கூட்டத்தில் அறைகளும் கிடைக்காது. பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் திருநெல்வேலிக்காரருக்குப் புதிய குடும்பங்கள் அல்ல. செப்டம்பரையே வைத்துக்கொள்ளுங்கள்.

மலேரியாவைப் பொறுத்தவரை, நம் நாட்டில் ஆபத்துக் காலம் செப்டம்பர் முதல் மே வரை. க்ரூகரும் மொசாம்பிக் எல்லையை ஒட்டிய ந்டுமோ, டெம்பே பகுதிகளும் தடுப்பு மாத்திரை தேவைப்படும் இடங்கள்; செயின்ட் லூசியாவிலும் ஹ்லுஹ்லுவேயிலும் ஆபத்து குறைவு. உம்குசேவுக்குப் போவதானால் மருத்துவரிடம் கேட்டே முடிவெடுங்கள். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுப்பதில்லை; அட்டோவக்குவோன்-ப்ரோகுவானில் என்னும் மாத்திரையைப் புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகும் ஏழு நாள் சாப்பிட வேண்டும். அம்மா வேறு மருந்துகள் சாப்பிடுகிறார் என்றால் அந்தப் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மாலை முதல் விடியும்வரை முழுக்கைச் சட்டை, காலுறை, கொசு மருந்து அவசியம். திரும்பிய சில வாரங்களுக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், சளிக் காய்ச்சல் என்று காத்திருக்காமல், மலேரியாப் பகுதிக்குப் போய்வந்ததைச் சொல்லி அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

சாப்பாட்டுக்குச் சமையலறையோடு கூடிய குடில்களாகப் பார்த்துப் பதிவுசெய்யுங்கள். வழியில் ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும், முகாமில் பருப்பும் சோறும் என்று வைத்துக்கொண்டால் புரட்டாசி விரதம் கெடாது. பருப்பையும் மசாலாவையும் டர்பனிலேயே வாங்கிவிடுங்கள், முகாம் கடையில் பிராய் என்னும் நெருப்பில் சுடும் சமையலுக்கு வேண்டிய இறைச்சியும் விறகும்தான் தாராளமாகக் கிடைக்கும்.

பீனிக்ஸ்வாசி

மூவருக்கும் நன்றி. க்ரூகரை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டு, நியாலா ஐயா சொன்ன வரிசையிலேயே போவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. சிங்கம் பற்றிப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஹ்லுஹ்லுவே-இம்ஃபலோசியில் ஹில்டாப், ம்பிலா என்று இரண்டு முகாம்கள் இருக்கின்றனவே, எங்களுக்கு எது ஏற்றது? அவர்கள் வந்து இறங்கும் முதல் நாள் டர்பனிலேயே காட்டக்கூடியது ஏதாவது உண்டா?

நியாலா, எம்பாங்கேனி

அம்மாவும் பிள்ளைகளும் இருப்பதால் ஹில்டாப்பே பொருத்தம். ம்பிலாவைச் சுற்றி வேலி கிடையாது. இரவில் கழுதைப்புலிகள் குடில்களுக்கு இடையில் நடமாடும். ஆனால் ஒரு பகல் முழுவதையும் இம்ஃபலோசிப் பகுதிக்கு ஒதுக்கி, வாயில் திறந்தவுடன் புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் ஆற்றங்கரைகளைப் பார்த்துவிடுங்கள். சிங்கத்துக்கும் அந்த நேரமே நல்லது.

டர்பனில் முதல் நாள் மாப்பிள்ளை வாசலில் பார்ப்பது நம் ஊர் மைனாவாகவே இருக்கும். அதற்காக அவர் சோர்ந்துவிட வேண்டாம். மறுநாள் காலையில் க்ளென்வுட்டிலுள்ள பிஜன் வேலிக்கு அழைத்துச் செல்லுங்கள். குளிர்காலத்தில் அங்கே வந்து தங்கும் புள்ளித் தரைப் பூங்குருவி அந்நேரம் கிளம்பாமல் இருந்தால், பயணத்தின் அரிய பறவைகளில் ஒன்று நகருக்குள்ளேயே கிடைத்துவிடும். அறைகளை இந்த வாரமே பதிவுசெய்யுங்கள்; ஹில்டாப்பில் சமையலறை உள்ள குடில்கள்தான் முதலில் தீர்ந்துபோகும்.