ஒரு சொல்லின் எழுத்துகளிலிருந்து சிறு சொற்கள்: எதை ஓர் எழுத்தாகக் கொள்வது?

புள்ளிக்கோலம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்விளையாட்டுப் போட்டி ஒன்றை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கரும்பலகையில் ஒரு நீண்ட சொல்லை எழுதிவிடுவோம். அதிலுள்ள எழுத்துகளை மட்டும் கொண்டு, எந்த எழுத்தையும் அந்தச் சொல்லில் அது வரும் தடவைக்கு மேல் பயன்படுத்தாமல், குறித்த நேரத்துக்குள் பிள்ளைகள் சிறு சொற்களை எழுத வேண்டும்.

ஒத்திகைக்காகப் ‘பட்டாம்பூச்சி’ என்ற சொல்லைக் கொடுத்துப் பார்த்தேன். சிலர் பூச்சி, பூ, பசி, பட்டா என்று எழுதினார்கள். ஒரு சிறுமியோ பாட்டி, ஊசி, மாடி, பாடம் என்று எழுதிக்கொண்டே போனாள். ‘பா’ அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது என்று மற்றவர்கள் கேட்டதற்கு, ப் இருக்கிறது, டா என்பதற்குள் ஆ இருக்கிறது, இரண்டையும் சேர்த்தேன் என்று விளக்கம் சொன்னாள். இரண்டுமே எனக்கு நியாயமாகப் படுகின்றன. உயிர்மெய்யை முழுதாகக் கொள்வதா, உயிரும் மெய்யுமாகப் பிரிப்பதா? எப்படிப்பட்ட சொற்களைக் கொடுத்தால் விளையாட்டு சுவைக்கும்? ஓரெழுத்துச் சொற்களை ஏற்கலாமா? அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பழைய தமிழாசிரியை:

பிள்ளைகளுக்கான போட்டி என்பதால் உயிர்மெய்யை முழு எழுத்தாகவே கொள்ளுங்கள். தமிழுக்கு 247 எழுத்துகள் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிட்டு, போட்டியில் மட்டும் ‘டா’ என்பது ஓர் எழுத்தன்று, இரண்டு என்று சொன்னால் நடுவராக அமர்பவருக்குத்தான் தலைவலி. அந்தச் சிறுமிக்குத் தனியாக ஒரு பரிசு கொடுத்துவிடுங்கள். அவள் இலக்கணத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

ஆங்கிலத்தில் இதே விளையாட்டில் சொற்கள் கொட்டுவதைப் பார்த்துவிட்டுத் தமிழில் ஏன் வறட்சி என்று சிலர் கேட்பதுண்டு. அங்கே 26 எழுத்துகளும் தனித்தனியே நிற்பவை. எந்த உயிரெழுத்தையும் எந்த மெய்க்கு அருகிலும் கொண்டுபோய் வைக்கலாம். நம் 216 உயிர்மெய்களில் ஒவ்வொன்றும் தன் உயிரைத் தன்னோடு கட்டிவைத்திருப்பதால், ஏழெழுத்துச் சொல்லிலிருந்து பத்துச் சொல் கிடைத்தாலே பெரிது. ஆகவே எல்லாம் நீங்கள் தேர்ந்தெடுக்கும் சொல்லில்தான் இருக்கிறது.

நீளமான சொல் எல்லாம் நல்ல சொல் அன்று. ‘கடற்கரை’ என்று கொடுத்தால் பிள்ளைகள் முதலில் எழுதுவது கடல் என்பதாகத்தான் இருக்கும். ஆனால் புணர்ச்சியில் ல் என்பது ற் ஆகிவிட்டதால் அந்தச் சொல்லுக்குள் கடல் இல்லை, எஞ்சுவது கரை ஒன்றுதான். ‘சிலப்பதிகாரம்’ இன்னும் வேடிக்கையானது. சிலம்பும் அதிகாரமும் சேர்ந்து உண்டான சொல்லாக இருந்தும், சிலம்புக்கு வேண்டிய ‘பு’ அதில் இல்லை, அதிகாரத்துக்கு வேண்டிய ‘அ’ பகரத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஆனாலும் காலம், காரம், பலம், சிரம், சிப்பம், பதி, சில, பல என்று அது தாராளமாகவே கொடுக்கும்.

அகரம் ஏறிய உயிர்மெய்கள் பலவும், கடைசியில் ‘ம்’ ஒன்றும் இருக்கும் சொல்லாகப் பாருங்கள். நம் பெயர்ச்சொற்களில் பெரும்பங்கு ‘அம்’ என்று முடிவதால் அத்தகைய சொல் ஒருபோதும் கைவிடாது. ‘மரக்கலம்’ என்பதில் மரம், கலம், கரம், ரகம், கமலம், மகரம், லகரம் என எத்தனை கிடைக்கின்றன, பாருங்கள். இத்தனைக்கும் அதிலுள்ள ‘க்’ ஏறத்தாழப் பயனற்றது. க், ச், த், ப் ஆகிய நான்கு மெய்களும் தமிழ்ச்சொல்லின் நடுவே தம்மெழுத்தோடு மட்டுமே மயங்கும், அதாவது ‘க்’கை அடுத்துக் ககர வரிசை எழுத்துத்தான் வரும் என்பது விதி. எனவே ‘க்’ வேண்டுமானால் கையிலிருக்கும் ஒரே ‘க’வையும் அதன் பின்னால் வைத்துவிட வேண்டியிருக்கும். வல்லின மெய் ஆறும் சொல்லின் இறுதியில் வாரா என்பதையும் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிட்டால், வீணாகத் தேடும் நேரம் மிச்சமாகும்.

நிரல்நெய்பவன்:

அம்மா சொல்வதைச் சிறுவர் போட்டிக்கு ஏற்கிறேன். ஆனால் பெரியவர்களுக்குப் பிரித்து ஆடும் முறையே மேல் என்பது என் கருத்து. பட்டாம்பூச்சியைப் பிரித்தால் ப், ப், ட், ட், ம், ச், ச் என ஏழு மெய்யும் அ, ஆ, ஊ, இ என நான்கு உயிரும் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து ஆட்டம், ஊட்டம், பாசம், சட்டி, மூடி ஆகியவை மட்டுமல்லாமல், ‘பூச்சாடி’ என்ற நீண்ட சொல்லே வந்துவிடுகிறது. அம்மா ஒதுக்கிவைத்த கடற்கரையும் இந்த முறையில் உயிர்பெறுகிறது: கடை, கறை, அறை, அடை, அவற்றுக்கும் மேலாக அக்கரை, அக்கறை இரண்டும் அதில் உண்டு. சிலப்பதிகாரத்துக்குள் ஒளிந்த அதிகாரமும் வெளியே வந்துவிடும். சிலம்பு மட்டும் அப்போதும் வராது. உகரம் அந்தச் சொல்லில் எங்குமே இல்லை.

யாராவது இதைக் கணினியில் செய்ய முனைந்தால் ஓர் எச்சரிக்கை. ஒருங்குறியில் (யூனிகோடு) உயிர்மெய் பெரும்பாலும் ஒரே குறியீடாக இருப்பதில்லை. அகரமேறிய எழுத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ தனிக் குறியீடாகச் சேர்கிறது. ஏழெழுத்துப் பட்டாம்பூச்சியின் நீளத்தை நிரலிடம் கேட்டால் 13 என்று சொல்லும். அதை அப்படியே கலைத்து அடுக்கினால் ஒன்றின் புள்ளி இன்னொன்றின் தலையில் ஏறி, படிக்கவே முடியாத கூட்டம் கிடைக்கும். பைத்தானில் எழுதுபவர்களுக்கு ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரல்தொகுப்பு உண்டு. சொல்லை முறையான தமிழெழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயற்கூறு அதில் இருக்கிறது.

போகிற போக்கில் ஒன்று: பட்டாம்பூச்சிக்குள் பட்டா மட்டுமன்று, சிட்டாவும் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் யாரேனும் போட்டிக்கு வந்தால் அவருக்கே முதல் பரிசு.

ஏட்டுச்சுவடி:

பழைய இலக்கணத்திலும் இதற்கு உறவான ஒன்று உண்டு என்பதால் எழுதுகிறேன். அணியிலக்கண நூலாகிய தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் கூறும் சித்திரகவிகளில், அதாவது எழுத்துகளை வைத்து வித்தை காட்டும் செய்யுள் வகைகளில், ‘அக்கரச்சுதகம்’ என்பது ஒன்று. ஒரு சொல்லை எடுத்து எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வர, எஞ்சி நிற்பது ஒவ்வொரு முறையும் வேறொரு பொருளைத் தர வேண்டும். அங்கே காட்டப்படும் சொல் ‘கநகாரி’. அது நரசிங்கமாய்த் தூணில் தோன்றிய திருமாலைக் குறிக்கும்; முதலெழுத்தை எடுத்துவிட்டால் ‘நகாரி’, மலையின் பகைவனாகிய முருகன்; இன்னும் ஓரெழுத்தை எடுத்தால் ‘காரி’, ஐயனார். நம் விளையாட்டைப் போல அதில் எழுத்துகளை இடம் மாற்ற முடியாது, ஆகவே அது இன்னும் கடினமானது. நீக்கப்படுவது ‘க’ என்னும் முழு எழுத்துத்தான், க், அ என்னும் இரண்டு துண்டுகள் அல்ல என்பதைக் கவனித்தால், பழைய வழக்கு ஆசிரியை அம்மாவின் பக்கமே நிற்கிறது.

புள்ளிக்கோலம்:

மூவருக்கும் நன்றி. சிறுவர்களுக்கு முழு எழுத்து, பெற்றோருக்குத் தனிச் சுற்றாகப் பிரித்த எழுத்து என்று முடிவு செய்திருக்கிறேன். அம்மா, மரக்கலப் பட்டியலில் ‘ரகம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ரகரம் மொழிமுதலில் வாராது என்று நடுவர் குழுவில் ஒருவர் மறுக்கிறார். ஓரெழுத்துச் சொல் பற்றிய என் கேள்வியும் நிற்கிறது.

பழைய தமிழாசிரியை:

அவர் சொல்வது நன்னூல்படி சரி. மொழிமுதலில் வரும் எழுத்துகளாக அது கூறுபவை பன்னிரண்டு உயிரும் பத்து மெய்வரிசைகளும்தான். அவற்றில் ரகரமும் லகரமும் இல்லை. ஆனால் ரகம், ரசம், லாபம் என்றுதான் பிள்ளைகள் பாடநூலிலும் கடைப் பலகையிலும் படிக்கிறார்கள். அந்தச் சொற்களுக்கு மதிப்பெண் மறுத்தால் அவர்கள் இலக்கணத்தின் மீதுதான் கோபப்படுவார்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை மேசையில் வையுங்கள். அதில் தலைச்சொல்லாக இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை வைத்தால், வழக்கொழிந்த சொல்லையெல்லாம் தேடி எடுத்து வழக்காடப் பெற்றோர் சிலர் வந்துவிடுவார்கள்.

ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. முழு எழுத்து முறையில் பட்டாம்பூச்சியில் ‘பூ’ ஒன்றுதான் தேறும், அதை ஏற்பதில் தொல்லை இல்லை. பெற்றோர் சுற்றில் அவற்றை விலக்கிவிடுங்கள். பிரித்துச் சேர்த்தால் ஆ, ஊ, சா, பா, பூ, மா, மூ என ஒரே மூச்சில் ஏழு வந்துவிடும், அதில் திறமைக்கு வேலை இல்லை.