ஜாமீன் கிடைத்த பிறகும் நாலு மாதம் உள்ளே: இது யார் தப்பு?

புழுதிவாக்கத்தான்:
எங்கள் தெருவில் பெயிண்டிங் வேலைக்குப் போகிற பையன், வயது 22. போன மார்ச்சில் செல்போன் பறிப்பு கேஸில் பிடித்துக்கொண்டு போனார்கள். செய்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அதைச் சொல்ல கோர்ட் இருக்கிறது. நான் பேச வந்தது வேறு. உள்ளே போன 23ஆம் நாளே ஜாமீன் ஆர்டர் வந்துவிட்டது. அவன் வெளியே வந்தது ஐந்தாவது மாதம். ஏனென்றால் அவன் ஒழுங்காகக் கோர்ட்டுக்கு வருவான் என்று இரண்டு பேர் பொறுப்பேற்று ஷூரிட்டி கொடுக்க வேண்டும், அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும். அப்பா இல்லை. அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். குடியிருப்பது புறம்போக்கில், அதற்கு வரி ரசீது எங்கே போவார்? ரேஷன் கார்டு, ஆதார், ஆர்டர் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். என் வீட்டுக்கும் வந்தார். வாய்தாவுக்கு அவன் வராமல் போனால் நம் தலையில் விழுமே என்று முதல் தடவை நான் மறுத்தேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அப்புறம்தான் கணக்கைத் தேடிப் பார்த்தேன். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்வது: 2022 கடைசியில் நாட்டுச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 76 பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். ஆபத்தானவனை உள்ளே வையுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே பிரித்துப் பார்ப்பது ஆபத்தை வைத்து இல்லை, வரி ரசீதை வைத்து.

ஓய்வுபெற்ற ஏட்டு:
தம்பி, நான் 31 வருடம் காக்கி போட்டவன். நீங்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் ஷூரிட்டி எதற்கு வந்தது என்று ஸ்டேஷன் பக்கம் இருந்தும் பார்க்க வேண்டும். ஜாமீனில் போகிறவன் முகவரி மாறிப் போய்விடுவான், வாய்தாவுக்கு வரமாட்டான், கோர்ட்டில் பிடிவாரண்ட் போடுவார்கள், அது எங்கள் கைக்கு வரும். ஒரே ஒரு வாரண்டுக்காக நெல்லூர் வரைக்கும் கைக்காசில் பஸ் ஏறிப் போய், அந்த ஆள் அங்கிருந்தும் போய்விட்டான் என்று வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். ஷூரிட்டி கொடுத்த மாமனோ அண்ணனோ இருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாலே பாதி வேலை முடியும். வேறு எதை வைத்து ஆளைப் பிடிக்கச் சொல்கிறீர்கள்?

இன்னொன்று. விசாரணை அதிகாரி என்று எழுதுகிறார்களே, அவர் காலையில் அமைச்சர் பந்தோபஸ்து, மதியம் கோர்ட், சாயந்திரம் கோயில் திருவிழா, ராத்திரி ரோந்து. இதற்கு நடுவில்தான் சார்ஜ் ஷீட் எழுத வேண்டும். ஆறு வருடம் கழித்து சாட்சியைக் கூண்டில் ஏற்றி, அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டை என்ன நிறம் என்று கேட்பார்கள். சாட்சி முழிப்பார், கேஸ் போய்விடும். பேர் கெடுவது எங்களுக்கு.

கொங்குநாட்டான்:
கேஸ் பட்டியலில் எண்ணாகக் கிடக்கும் எங்களையும் கொஞ்சம் பேசுங்கள். 2019இல் என் அம்மா ஸ்கூட்டியில் போகும்போது பின்னால் பைக்கில் வந்து தாலிச் சங்கிலியைப் பறித்தார்கள். ஐந்து பவுன். கீழே விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. பிடிபட்டவன் நாற்பது நாளில் ஜாமீனில் வந்து எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றான். அம்மா பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் வாசலுக்கே வரவில்லை. சங்கிலி கோர்ட்டிலிருந்து எங்கள் கைக்கு வர மூன்று வருடம். கேஸ் இன்னும் நடக்கிறது. சாட்சி சொல்ல ஆறு தடவை சம்மன், ஆறு தடவையும் வக்கீல் வரவில்லை, நீதிபதி லீவு, குற்றம் சாட்டப்பட்டவன் ஆஜராகவில்லை என்று திரும்பி வந்தோம். இப்போது அம்மாவுக்குக் கண்புரை. அடையாளம் காட்டச் சொன்னால் என்ன காட்டுவார்?

தெருவில் போலீஸ் அடித்துத் திருடன் கையில் போட்ட மாவுக்கட்டைப் பார்த்து ஜனங்கள் கை தட்டுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் போலீஸ் இல்லை, கோர்ட். குற்ற வழக்கு முறையைச் சீர்திருத்த மத்திய அரசு அமைத்த மாலிமத் கமிட்டி 2003இல் சொன்னதைச் செய்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. உயர் அதிகாரி முன்னால் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள், சந்தேகத்தின் பலனை அள்ளிக் கொடுக்காதே என்றார்கள். யாரும் கேட்கவில்லை.

தேரிக்காடு:
கொங்குநாட்டான், உங்கள் அம்மா பட்டது அநியாயம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் மாவுக்கட்டுக்குக் கை தட்டுவதை மட்டும் தயவுசெய்து நியாயப்படுத்தாதீர்கள். நான் தூத்துக்குடி மாவட்டக்காரன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த அப்பாவும் மகனும், ஊரடங்கு நேரத்தில் கடையை மூடவில்லை என்ற ஒரு விஷயத்துக்காக ஸ்டேஷனுக்குள் போனார்கள். ராத்திரி முழுக்க அடி. மறுநாள் மாஜிஸ்திரேட் ரிமாண்ட் கொடுத்தார், அதாவது சிறையில் வைக்க உத்தரவிட்டார். அந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். கைதியை நேரில் பார்த்து, உடம்பில் காயம் இருக்கிறதா, யாராவது அடித்தார்களா என்று கேட்கத்தான் ரிமாண்ட் என்ற ஒரு கட்டத்தையே சட்டம் வைத்திருக்கிறது. அது ஒழுங்காக நடந்திருந்தால் அவர்கள் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போயிருக்க மாட்டார்கள், ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். ஓரிரு நாளில் இரண்டு பேரும் அடுத்தடுத்து இறந்தார்கள்.

விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டையே ஒரு போலீஸ்காரர் ஒருமையில் பேசினார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டு, ஸ்டேஷனை வருவாய்த் துறை கட்டுப்பாட்டில் வைக்கச் சொல்ல வேண்டி வந்தது. சிசிடிவி இருந்தது ஐயா, ஹார்ட் டிஸ்கில் இடமும் இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி செட்டிங் வைத்திருந்தார்கள். கடைசியில் உண்மையைச் சொன்னது அதே ஸ்டேஷனில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், பயந்து பயந்து. கைது செய்தால் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுதி அப்போதே 23 வருடம் ஆகியிருந்தது.

ஓய்வுபெற்ற ஏட்டு:
சாத்தான்குளத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். அந்தப் பெண் ஏட்டம்மா செய்ததைச் செய்ய எனக்குத் தைரியம் இருந்திருக்குமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஆனால் அடி ஏன் நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மேலே இருப்பவர் போனில் கேட்பது "ரெக்கவரி என்ன?", அதாவது திருட்டுப் பொருள் கிடைத்ததா என்ற ஒரே கேள்வி. கைரேகை எடுக்க ஆள் வர ஒரு நாள், லேப் ரிப்போர்ட் வர மாதக்கணக்கு. கையில் இருக்கும் ஒரே கருவி லத்தி என்று ஆக்கி வைத்துவிட்டு, அப்புறம் லத்தி எடுத்தான் என்கிறோம். சட்டம் ஒழுங்கு பார்ப்பவர் வேறு, புலனாய்வு பார்ப்பவர் வேறு என்று பிரிக்கச் சொல்லி 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நான் பணியில் இருந்த கடைசி நாள் வரை எங்கள் ஸ்டேஷனில் அது நடக்கவில்லை. அதைச் செய்யச் சொல்லி நீங்கள் கத்தினால் நானும் கூட நின்று கத்துகிறேன்.

ஜூனியர் வக்கீல்:
மூன்று விஷயம், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாக்குமூலம். கொங்குநாட்டான் அண்ணே, நீங்கள் கேட்பதை இந்த நாடு ஒரு தடவை செய்து பார்த்துவிட்டது. தீவிரவாதத்துக்கு எதிராகக் கொண்டுவந்த தடா சட்டத்தில் எஸ்.பி. அந்தஸ்தில் இருப்பவர் எடுக்கும் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லுபடியானது. ராஜீவ் கொலை வழக்கில் 1998இல் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரைத் தூக்கிலிருந்தும் கொலைக் குற்றத்திலிருந்தும் விடுவித்தது. அதே வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன், குண்டுக்குப் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்ற வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே, அது எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்ன பகுதியை எழுதாமல் விட்டதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். 19 வயதில் உள்ளே போனவர் விடுதலையானது 2022இல். ஒரு வரி விட்டுப்போனால் ஒரு ஆயுள் போகும் என்பதால்தான் போலீஸ் வாக்குமூலத்தை நம்பாதே என்று வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டமே எழுதி வைத்தது, 2024இல் வந்த புதுச் சாட்சியச் சட்டமும் அதை அப்படியே வைத்திருக்கிறது.

அடுத்து ஷூரிட்டி. இது இன்று நேற்றுப் பேச்சு இல்லை. 1978இல் மோதிராம் வழக்கு. அவர் ஒரு கொத்தனார். மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஷூரிட்டி கேட்டார், ஷூரிட்டிக்கு வந்த அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் தள்ளிவிட்டார். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அதை மாற்றி, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில், அதாவது அவரே எழுதிக் கொடுக்கும் உறுதியில், விடச் சொன்னார். இது நடந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது, இன்னும் கோர்ட் வாசலில் மஞ்சப்பைகள் நிற்கின்றன. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது: ஜாமீன் ஆர்டரை அன்றைக்கோ மறுநாளோ சிறைக்கு மெயிலில் அனுப்பு, ஏழு நாளில் வெளியே வராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு செயலாளருக்குத் தகவல் கொடு, ஒரு மாதத்தில் ஷூரிட்டி கொடுக்க முடியாவிட்டால் கோர்ட்டே முன்வந்து நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார். ஏழைக் கைதிகளுக்கு ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரை கொடுக்க மத்திய அரசு திட்டமும் அதே வருடம் வந்தது. புழுதிவாக்கத்தான் அண்ணே, அந்த அம்மாவிடம் இதில் ஒன்றையாவது யாராவது சொன்னார்களா?

மூன்றாவது, கைதே தேவையா என்பது. வழிப்பறி என்று எழுதாமல் வெறும் பறிப்பு என்று போட்டால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு (ஐபிசி) பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 304ஆம் பிரிவு, அதிகபட்சம் மூன்று வருடம். ஏழு வருடம் வரை தண்டனையுள்ள கேஸில் கைது தானாக நடக்கக் கூடாது, காரணம் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அர்னேஷ் குமார் தீர்ப்பு 2014இலேயே சொல்லிவிட்டது.

கொங்குநாட்டான்:
தம்பி, நன்றாகப் படித்திருக்கிறீர்கள். ஆனால் எல்லாத் தீர்ப்பும் உள்ளே இருப்பவனுக்கே பேசுகிறது. முதல் தடவை மாட்டியவனைச் சொந்தப் பிணையில் விடுங்கள், நான் தடுக்கவில்லை. ஒன்பது கேஸ் இருப்பவனையும் அதே வாசல் வழியாக விடுவீர்களா? அவனுக்குக் குண்டாஸ் போட்டால் அதையும் உடைக்க ஓடுகிறீர்கள்.

ஜூனியர் வக்கீல்:
ஒன்பது கேஸ் இருப்பவனையும் முதல் தடவைக்காரனையும் சட்டமே ஒன்றாகப் பார்க்கவில்லை அண்ணே. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 479ஆம் பிரிவு, முதல் தடவைக்காரன் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் விடச் சொல்கிறது. ஆனால் ஒன்றுக்கு மேல் கேஸ் நிலுவையில் இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. சிக்கலே அந்த "ஒன்றுக்கு மேல்" என்பதில்தான். ஒருவனைப் பிடித்ததும் கண்டுபிடிக்காமல் கிடக்கும் பழைய மூன்று எஃப்.ஐ.ஆரிலும் அவன் பெயரைச் சேர்த்துவிட்டால் அவன் கணக்கில் நாலு கேஸ். குண்டாஸ் என்பது 1982ஆம் வருடச் சட்டம், விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் வரை வைக்கலாம். தடுப்புக்காவலில் தமிழ்நாடு பல வருடமாக முன்வரிசையில் நிற்கிறது. அதனால் சங்கிலிப் பறிப்பு நின்றதா?

ஓய்வுபெற்ற ஏட்டு:
பழைய கேஸ் சேர்ப்பதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை டைப் அடித்து அழித்தேன். நடக்கும். மாதக் கடைசியில் கண்டுபிடிப்புக் கணக்கு கேட்பார்கள். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் பழைய ஃபைலைப் புரட்டி, அதே ஏரியா, அதே மாதிரிப் பறிப்பு என்றால் சேர்த்து எழுதுவார். பல தடவை அது உண்மையாகவும் இருக்கும். இருக்காமலும் போயிருக்கிறது. நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கொங்குநாட்டான்:
ஏட்டய்யா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் எனக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் அம்மா கேஸில் பிடித்தவன் நிஜமாகவே அந்த ஆள்தானா? சங்கிலி கிடைத்தது, அதனால் இத்தனை வருடமாக நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

தேரிக்காடு:
இதைத்தான் சொல்ல வந்தேன். அடித்தும் சேர்த்தும் எழுதினால் உள்ளே போகிறவனுக்கு மட்டும் இல்லை, பறிகொடுத்தவருக்கும் உண்மை தெரியாமல் போகிறது. 2022இல் ஐபிசி வழக்குகளில் தண்டனை கிடைத்தது சுமார் 54 சதவீதம். முடிந்த கேஸிலேயே கிட்டத்தட்ட பாதி நிற்கவில்லை. ஆனால் நிற்குமா என்று தெரிவதற்கு முன்னாலேயே ஜெயில் நிரம்பி வழிகிறது. நீதிபதி எண்ணிக்கையை எடுங்கள், பத்து லட்சம் பேருக்கு 50 பேர் வேண்டும் என்று 1987இல் சட்ட ஆணையம் சொன்னது. அதில் பாதியைக்கூட இன்னும் எட்டவில்லை. உங்கள் அம்மா ஆறு தடவை திரும்பி வந்தது இதனால்தான், பிடிபட்டவனுக்கு ஜாமீன் கிடைத்ததால் இல்லை.

கொங்குநாட்டான்:
அந்தக் கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். டீக்கடையில் அவன் நின்றது ஜாமீனில்தான். சாட்சி சொல்லப் போகிறவர் ஊரில் அவன் காலடி வைக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட எவ்வளவு நேரம் ஆகும்? ஷூரிட்டிக்கு ஒரு பக்கம் எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு வரி எழுதவில்லை. ஜாமீன் மனு வந்தபோது எங்களுக்குத் தகவலே இல்லை.

ஜூனியர் வக்கீல்:
அண்ணே, இதில் உங்கள் பக்கம் முழு நியாயம் இருக்கிறது. அந்த நிபந்தனையைக் கேட்டிருக்க வேண்டியது அரசு வக்கீல். புதுச் சட்டத்தில் புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் கேஸ் பழையது என்றாலும், கோர்ட் அனுமதியோடு அரசு வக்கீலுக்குத் துணையாக உங்கள் தரப்பில் ஒரு வக்கீல் நிற்கலாம். கண் இன்னும் மங்குவதற்கு முன்னால் அம்மாவை விசாரித்துவிடச் சொல்லி, மருத்துவச் சான்றோடு ஒரு மனு போடச் சொல்லுங்கள்.

கொங்குநாட்டான்:
அடுத்த வாய்தா 14ஆம் தேதி. போடச் சொல்கிறேன்.

புழுதிவாக்கத்தான்:
வக்கீல் தம்பி, நீங்கள் கேட்டதற்குப் பதில்: அந்த அம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் போய் வரி ரசீதையும் ஆர்சி புத்தகத்தையும் கொடுத்தோம், ரத்த சொந்தத்துக்கு வேலூரிலிருந்து சித்தப்பா ஒருவரைக் கூட்டி வந்தார்கள். இப்போது தினமும் காலை 10.30க்கு ஸ்டேஷனில் ஜாமீன் நிபந்தனைப்படி கண்டிஷன் கையெழுத்து. பெயிண்டிங் வேலைக்கு முனையில் ஆள் எடுப்பது எட்டு மணிக்கு. நடுவில் ஒரு மணி நேரம் போய் வருகிறேன் என்றால் எந்த மேஸ்திரி கூட்டிப் போவார்? இதைத் தளர்த்தச் சொல்லி மனு போட என்னென்ன காகிதம் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், நாளைக்கே அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.