திங்க்பேட் டபிள்யூ520: விர்ச்சுவல் மெஷின் பயிற்சிக்கு இன்று வாங்கலாமா?

நெட்வொர்க்_மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். லினக்ஸ் நிர்வாகமும் நெட்வொர்க்கிங்கும் படித்து வருகிறேன். ஒரே நேரத்தில் ஐந்தாறு விர்ச்சுவல் மெஷின்களை (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினிகளை) இயக்க வேண்டியிருப்பதால், கையிலுள்ள 8 ஜிபி ராம் கொண்ட மடிக்கணினி திணறுகிறது. சென்னை ரிச்சி தெருக் கடையொன்றில் 2011-ஆம் ஆண்டு மாடலான லெனோவோ திங்க்பேட் டபிள்யூ520 (கோர் ஐ7-2720கியூஎம் பிராசஸர், என்விடியா குவாட்ரோ 1000எம் கிராபிக்ஸ்) மலிவாகக் கிடைக்கிறது. சற்றுக் கூடுதலாகச் செலவிட்டால் எட்டாம் தலைமுறை ஐ5 மடிக்கணினியொன்று வாங்கலாம். வீட்டு மேசையை விட்டு நகராது என்பதால் எடையைப் பற்றிக் கவலையில்லை. எதை வாங்குவது நல்லது?

கருப்புப்பெட்டி:
உங்கள் தேவைக்கு டபிள்யூ520 போதும் என்பதே என் கருத்து. மேசைக் கணினியின் வேலையை மடிக்கணினியில் செய்ய வேண்டிய பொறியாளர்களுக்காக உருவான வரிசை அது. நான்கு கோர் மாடல்களில் நான்கு ராம் ஸ்லாட்டுகள் இருப்பதால் 32 ஜிபி வரை போடலாம். விர்ச்சுவல் மெஷின்களுக்கு முதலில் பற்றாமல் போவது நினைவகமே (ராம்) தவிர, பிராசஸரின் வேகம் அன்று. பிராசஸரும் சாக்கெட்டில் அமர்ந்திருப்பதால் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம். ஏழு வரிசை விசைப்பலகை வந்த கடைசி டபிள்யூ மாடலும் இதுதான். அடுத்த ஆண்டு வந்த டபிள்யூ530-இல் அது ஆறு வரிசையாகிவிட்டது. நாள் முழுவதும் டெர்மினலில் தட்டச்சு செய்பவர்களுக்கு அது சிறிய விஷயமில்லை.

சுடுசாம்பல்:
மேலே எழுதியவரோடு நான் பாதிதான் உடன்படுகிறேன். 32 ஜிபி கவர்ச்சியானதுதான். ஆனால் இதிலுள்ள சாண்டி பிரிட்ஜ் தலைமுறைப் பிராசஸரில், கணக்கீடுகளை விரைவாக்கும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் கிடையாது. அவற்றை எதிர்பார்க்கும் புதிய மென்பொருள்கள் பெருகி வருகின்றன. குவாட்ரோ 1000எம் ஃபெர்மி தலைமுறையைச் சேர்ந்தது, அதற்கான என்விடியாவின் லினக்ஸ் டிரைவர் 390 வரிசையோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு இதில் இல்லை, பிராசஸரும் ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லை. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் எச்டி 3000 கிராபிக்ஸ், யூடியூப் பயன்படுத்தும் விபி9 வடிவக் காணொளிகளை வன்பொருளில் விரிக்காது என்பதால், யூடியூபில் பாடம் பார்க்கும்போதே விசிறி இரையத் தொடங்கிவிடும். லினக்ஸை மட்டும் பயன்படுத்தும் ஆய்வகப் பெட்டியாக வைத்துக்கொண்டால் சரி. ஒரே கணினியாக எல்லாவற்றுக்கும் நம்பியிருக்கப் போகிறீர்கள் என்றால் எட்டாம் தலைமுறைக் கணினியை வாங்கி அதன் ராமைக் கூட்டுங்கள். ராம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்படாத மாடல்தானா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க்_மாணவன்:
பழைய கணினியும் கூடவே இருக்கும், காணொளிகளை அதில் பார்த்துக்கொள்வேன். அப்படியானால் டபிள்யூ520-ஐ வாங்குவதற்கு முன் கடையில் எதைச் சோதிக்க வேண்டும்?

திருகாணி:
முதலில் அடாப்டரைக் கேளுங்கள். நான்கு கோர் மாடலுக்கு உரியது செங்கல் அளவிலான 170 வாட் அடாப்டர். கடைக்காரர் கையில் கிடைத்த 90 வாட் அடாப்டரைச் செருகி இயங்க வைத்துக் காட்டினால் அதைச் சோதனையாகக் கருத வேண்டாம். அடுத்தது ராம். இரண்டு ஸ்லாட்டுகள் அடிப்புற மூடிக்குள்ளும் மற்ற இரண்டு விசைப்பலகைக்குக் கீழும் இருக்கின்றன. அடியிலுள்ள திருகுகளைக் கழற்றி, விசைப்பலகையைத் திரைப் பக்கமாகத் தள்ளித் தூக்கினால் மேல் ஸ்லாட்டுகள் தெரியும். நான்கிலும் ராம் போட்டு மெம்டெஸ்டை (ராமைச் சோதிக்கும் மென்பொருள்) ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள். வைஃபை அட்டையை மாற்றும் எண்ணம் இருந்தால், லெனோவோவின் பட்டியலில் இல்லாத அட்டைகளை இதன் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்காது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

வாங்கிய பிறகு பயாஸில் கிராபிக்ஸை இன்டெல்லுக்கு மட்டும் மாற்றிவிடுங்கள். சூடு குறையும், டிரைவர் தொல்லையும் நீங்கும். ஆனால் டிஸ்ப்ளேபோர்ட் என்விடியாவோடு இணைக்கப்பட்டிருப்பதால், அந்த நிலையில் வெளித்திரைக்கு அது பயன்படாது. கூர்மையான வெளித்திரைதான் வேண்டுமென்றால் என்விடியாவை இயக்கத்தில் விட்டு, லினக்ஸ் தொடக்கத்திலேயே உறைந்துபோகும்போது கெர்னல் வரியில் (லினக்ஸ் தொடங்கும்போது படிக்கும் கட்டளை வரி) 'நோஎக்ஸ்2ஏபிஐசி' (nox2apic) என்ற அளவுருவைச் சேருங்கள். விடி-டியும் (வன்பொருளை விர்ச்சுவல் மெஷினுக்கு நேரடியாகக் கொடுக்க உதவும் இன்டெல் வசதி) என்விடியாவும் சேர்ந்து இயங்கும்போது இந்த மாடலில் எழும் பழைய சிக்கல் அது.