கறுப்பு ஜெர்சி மலபுரோக்கா: உங்கள் அனுபவம் என்ன?

தொர்த்தோனா பயணி:
இத்தாலிய சைக்கிள் பந்தய வீரர் கோப்பியின் வீட்டைப் பார்க்கத்தான் காஸ்தெல்லானியா போனோம். திரும்பும் வழியில் தொர்த்தோனாவில் காபிக்கு நிறுத்தியபோது, சைக்கிள் வீரர் மலபுரோக்காவும் இந்த ஊர்தானே, ஜிரோ என்ற இத்தாலிய சைக்கிள் பந்தயத்தில் கடைசி ஆளுக்கான கறுப்பு ஜெர்சிக்காக வேண்டுமென்றே கடைசியாக வருவாரே, என்று கடைக்காரரிடம் கேட்டேன். பக்கத்து மேசையில் சீட்டாடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, 1947-இல் பாரிஸ்–நாந்த் ரேஸை ஜெயித்தது யார் தெரியுமா, 1948-இல் கோப்பா அகொஸ்தோனி பந்தயம் யாருக்கு, 1951-லும் 1953-லும் சேற்றிலும் மேடுபள்ளத்திலும் ஓட்டும் சைக்ளோகிராஸில் தேசிய சாம்பியன் யார் என்று அடுக்கினார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். நீங்களெல்லாம் அவர் பின்தங்குவதற்காக ஒளிந்துகொண்ட கதையை மட்டும்தானே கேட்கிறீர்கள் என்றபோது அவர் குரல் கம்மிவிட்டது. எனக்கு அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது.

மேட்டுப்பாதை:
பெரியவர் மேல் மரியாதை உண்டு, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கோப்பியும் அவருடைய போட்டியாளர் பார்த்தாலியும் மலையில் உயிரைக் கொடுத்து மிதிக்கும்போது ஒருவர் மதுக்கடையில் நேரம் ஓட்டுவது என்ன விளையாட்டு? மிலானில் கூட வேலை செய்யும் இத்தாலியரிடம் இதையே சொன்னேன், மதியச் சாப்பாடு முழுக்க என்னோடு பேசவில்லை.

கிசால்லோ ரசிகர்:
நான் சைக்கிள் வீரர்களின் காவல் மாதாவான கிசால்லோ மாதாவின் மலைக்கோயிலில் கோப்பி, பார்த்தாலி சைக்கிள்களைப் பார்த்தபடி அரை மணி நேரம் நின்றேன், அவ்வளவுதான் என் அனுபவம். போகிறவர்களுக்கு ஒன்று: பெல்லாஜியோ பக்கமிருந்து ஏறாதீர்கள், ஆரம்பத்திலேயே செங்குத்து, மூச்சு வாங்கும். ஏறியே தீருவேன் என்றால் சின்ன கியர் போட்டுக்கொள்ளுங்கள், காலையிலேயே கிளம்புங்கள், இறங்கும்போது கைகள் விறைக்கும், மேல் சட்டை ஒன்று கூடவே இருக்கட்டும். பக்கத்து அருங்காட்சியகத்தைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள்.

தொர்த்தோனா பயணி:
மேட்டுப்பாதை, கடைசி ஆளுக்குப் பரிசுப் பணம் என்று வைத்ததே ஜிரோ நடத்தியவர்கள்தான். 1946-இல் ஆரம்பித்து 1951-இல் அவர்களே நிறுத்தினார்கள். போர் முடிந்து வீட்டில் ஒன்றுமில்லாத காலம், வழியில் ஜனங்கள் ஒயினும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து கொடுத்தார்கள், வாங்காமல் என்ன செய்வார்? ரொம்பப் பின்தங்கினால் நேர வரம்பு தாண்டி வெளியே போக வேண்டியதுதான், அதனால் ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டு மிதிக்க வேண்டும். 1946-இல் ஜெயித்த பார்த்தாலிக்கு 4 மணி நேரத்துக்கும் மேல் பின்னால், ஆனாலும் மிலான் வரை வந்து சேர்ந்தார். பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! 1949-இல் கரோல்லோ என்பவர் இவரையும் தாண்டி மெதுவாக வந்து அந்தக் கடைசி இடத்தைப் பறித்துக்கொண்டார், அப்புறம் இவர் ஜிரோ பக்கமே வரவில்லை. அந்த இத்தாலியரிடம் கரோல்லோவைப் பற்றிக் கேளுங்கள், கட்டாயம் பேசுவார்.